இன்று யாரும் வரவில்லை

தாம்பரத்தில் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் ஆறு வாரங்களில் நான்கு கிலோ இளைத்துப்போனார். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மதியம் இரண்டு முறை சாப்பிட்டதாக அவர் காதிலிருந்த கருவி தினமும் மாலையில் சொல்லிக்கொண்டிருந்தது. மனிதர் நாகரிகமானவர். இரண்டு வேளைச் சோற்றை ஒரே மதியத்தில் தின்றவன் இரவு தட்டில் கை வைக்கலாமா என்று வெட்கப்பட்டு, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கருவியின் பெயர் நாள்சொல்லி. நினைவு தங்காதவர்களுக்காகச் சென்னையில் உருவானது. சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். பகல் முழுக்கச் சுற்றிலும் கேட்கும் குரல்களையும் சத்தங்களையும் கவனித்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு அன்றைய நாளை அதன் சொந்தக்காரருக்கே திருப்பிச் சொல்லும். 'இன்று காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டீர்கள். பத்து மணிக்கு மொட்டைமாடியில் நடந்தீர்கள். உங்கள் தங்கை வந்தார்.' மறந்துபோனவருக்கு அதுதான் அன்றைய நாள். அது சொன்னது நடந்தது, சொல்லாதது நடக்கவில்லை. குடும்பத்தார் பார்ப்பதற்கென்று தனியாக ஓர் இணையப் பக்கமும் உண்டு. அப்பா சாப்பிட்டாரா, தூங்கினாரா, சந்தோஷமாக இருக்கிறாரா என்று உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

தலைமை எழுத்தர் இரண்டு முறை சாப்பிட்ட மர்மத்தைக் கண்டுபிடிக்கும் வேலை, கருவியைச் செய்த நிறுவனத்தில் தரவுகளைப் பார்த்துக்கொள்ளும் ஜெசிந்தாவிடம் வந்தது. முப்பத்துநான்கு வயது. சொந்த ஊர் தூத்துக்குடி. எண்களோடு பழகி, எண்கள் சொல்வதை நம்பி வளர்ந்தவள். மர்மத்தை அவிழ்க்க அவளுக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. காதுக் கருவியின் செயலியைச் செய்த குழு ஒன்று, இணையப் பக்கத்தைச் செய்த குழு ஒன்று. இரண்டு குழுவினரும் ஒரே தளத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு காபி மெஷின் இருந்தது. மூன்று வருடமாக அதைத் தாண்டி யாரும் யாரிடமும் பேசவில்லை.

"எங்க ஆப்ல அதுக்குப் பேரு 'மதிய உணவு முடிந்தது'," என்றான் செயலிக் குழுவின் ஷாகுல். "மென்னு முழுங்கற சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிக்கிறோம்."

"எங்க பக்கத்துல 'சாப்பாடு கொடுத்தாச்சு'," என்றாள் இணையக் குழுவின் தீபலட்சுமி. "வீட்ல இருக்கறவங்க ஒரு பட்டனை அமுக்குவாங்க."

"ஒரே சோறு. ரெண்டு பேர்ல ரெண்டு தடவை போயிருக்கு," என்றாள் ஜெசிந்தா.

ஒரு மனிதனின் நாளில் நடக்கக்கூடியவை என்று இரண்டு குழுக்களும் சேர்ந்து அறுநூற்றுப் பன்னிரண்டு நிகழ்வுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அவற்றைத் தொண்ணூற்று நான்காகக் குறைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர், ஒரே அர்த்தம், ஒரே பொறுப்பாளர் என்று ஜெசிந்தா ஒரு திட்டம் போட்டாள். அந்த ஒரே பட்டியலைத்தான் இனிமேல் இரண்டு குழுவும் பின்பற்ற வேண்டும். பொறுப்பாளரைக் கேட்காமல் யாரும் ஒரு வரியையும் தொடக் கூடாது. பொறுப்பாளர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மூன்று வாரம் கூட்டம் நடந்தது. கண்ணை மூடிப் படுத்திருப்பது தூக்கமா இல்லையா என்று இரண்டு நாள் சண்டை. 'அழுதார்' என்பதும் 'கண்ணீர்' என்பதும் ஒன்றா என்று ஒரு மதியம் முழுக்கப் போனது. வெங்காயம் நறுக்கினால் என்ன செய்வது என்று ஷாகுல் கேட்டான். நினைவு இல்லாதவர் கையில் யார் கத்தி கொடுத்தார்கள் என்று தீபலட்சுமி திருப்பிக் கேட்டாள். கூட இருப்பவர்கள் விஷயம் இன்னும் தலைவலியாக இருந்தது. ஒரு வீட்டில் மருமகள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்த நடைக்கெல்லாம் அவள் நூற்று நாற்பது முறை வந்துபோனதாகக் கருவி கணக்கு வைத்திருந்தது. ஆகவே ஜெசிந்தா ஒரு விதி எழுதினாள். மூன்று நாட்களுக்கு மேல் அதே வீட்டில் இருப்பவர் வீட்டார். வீட்டார் நடமாட்டம் சேராது. எல்லோரும் நல்ல விதி என்றார்கள்.

அடுத்த வரி, 'வருகை'.

"எங்ககிட்டயும் 'வருகை'தான்," என்றான் ஷாகுல்.

"எங்ககிட்டயும் அதேதான்."

"அப்பாடா! இது ஒண்ணாவது ரெண்டு பேருக்கும் ஒரே பேரா அமைஞ்சுதே!"

மூவரும் சிரித்தார்கள். பொறுப்பாளர் என்ற கட்டத்தில் ஜெசிந்தா தன் பெயரைப் போட்டுக்கொண்டாள். மொத்தப் பட்டியலிலும் மிகச் சீக்கிரமாக முடிந்த வரி அதுதான். நான்கு விநாடி ஆகியிருக்கும்.

திட்டம் அமலுக்கு வந்தது. தாம்பரத்துக்காரர் இரவில் சாப்பிடத் தொடங்கினார். ஒரு மாதத்தில் அதைவிடப் பெரிய அதிசயம் நடந்தது. கருவி அணிந்தவர்களின் குரலிலிருந்து மகிழ்ச்சியை அளக்கும் எண் ஒன்று இருந்தது. மூன்று வருடமாக அசையாமல் கிடந்த அந்த எண் முப்பத்தொரு சதவீதம் ஏறியது. நிறுவனத்தின் தலைவர் கோகுல்நாத் கேக் வெட்டினார். "பேரை ஒழுங்கா வெச்சாலே மனுஷன் சந்தோஷமா இருக்கான், பாத்தீங்களா!" என்றார். ஜெசிந்தாவுக்கு முதல் துண்டு கிடைத்தது.

கேக் வெட்டிய மறுவாரம் பெரம்பூரிலிருந்து ஒரு புகார் வந்தது. எழுதியவர் இந்துமதி.

'என் அப்பா சிவப்பிரகாசத்துக்கு நினைவு போய் நான்கு வருடமாகிறது. நான்கு வருடமாக நான்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். என் அண்ணன் செழியன் டொரண்டோவில் இருக்கிறான். அவன் கடைசியாக வந்தது மூன்று வருடம் முன்பு. இப்போது ஒரு மாதமாக உங்கள் கருவி, இன்று உங்கள் மகன் மூன்று முறை வந்தார் என்று தினமும் மாலை அப்பாவிடம் சொல்கிறது. என் பெயரை ஒரு நாளும் சொல்லவில்லை. நான் எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று தெரிவிக்கவும்.'

ஜெசிந்தா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தன் பட்டியலைத் திறந்து 'வருகை' என்ற வரியைப் பார்த்தாள். ஷாகுலின் வருகை என்பது பக்கத்தில் பெயர் உள்ள உறவினர் ஒருவர் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வருவது. தீபலட்சுமியின் வருகை என்பது அதே உறவினர் இணையப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது. முன்பு அவை இரண்டும் தனித்தனி இடத்தில் கிடந்தன. அவள்தான் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டிருந்தாள்.

அன்று மாலையே பெரம்பூருக்குப் போனாள். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரின் வீடு. இரண்டாவது மாடி. கதவைத் திறந்த இந்துமதிக்கு நாற்பது வயதிருக்கும், கையெல்லாம் மாவு. "நேர்லயே வருவீங்கன்னு நெனைக்கல," என்றாள். கூடத்தில் சிவப்பிரகாசம் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, நன்றாக மழித்த முகம். நகங்கள்கூட வெட்டிச் சுத்தமாக இருந்தன.

ஆறு மணிக்கு அவர் கை தானாகக் காதுக்குப் போனது. கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் விளக்குப் போட்டது போல் ஆனது.

"செழியன் மூணு தடவை வந்தானாம்!" என்றார் ஜெசிந்தாவிடம். "அவ்ளோ பெரிய வேலைல இருக்கான். அதுக்கு நடுவுலயும் மூணு தடவை ஓடி வந்து பாத்துட்டுப் போறான்."

"உங்க பொண்ணு?" என்று கேட்டாள் ஜெசிந்தா. கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்தது.

"அவ எங்கம்மா வரா!" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாளாச்சும் எட்டிப் பாக்கணுமே. ஆனா ஒண்ணு, இந்தப் பொண்ணு இருக்கு பாருங்க," என்று இந்துமதியைக் காட்டினார். "கூலிக்கு வந்தாலும் பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்குது. நல்லா இருக்கட்டும்."

இந்துமதி தோசைத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜெசிந்தா பின்னாலேயே போனாள்.

"முன்னெல்லாம் இப்படி இல்ல," என்றாள் இந்துமதி, அடுப்பைப் பார்த்தபடி. "யாரு நீன்னு கேப்பாரு, சொல்வேன், சரிம்பாரு. இப்ப சொன்னா நம்ப மாட்டேங்கறாரு. இந்து வந்தா காதுல சொல்லுமேங்கறாரு."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம். பொங்கலுக்கு வரதுக்கு டிக்கெட் போட்டிருந்தான். அப்பா மகிழ்ச்சி தொண்ணூத்தி ரெண்டுல இருக்கு, இப்ப வந்து எதுக்குக் குழப்பணும்னு கேன்சல் பண்ணிட்டான்."

மறுநாள் காலை ஜெசிந்தா கோகுல்நாத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டையும் பிரிச்சிடலாம் சார். வீட்டுக்கு வந்தா வருகை, பக்கத்தைத் திறந்தா பார்வை. பார்வையைக் காதுல சொல்ல வேண்டாம்."

"பிரிச்சா அந்த முப்பத்தொண்ணு என்ன ஆகும்?"

"இறங்கிடும்."

"அப்ப நம்ம கருவி போட்டிருக்கற பதினோராயிரம் பேரோட சந்தோஷத்தை எடுத்துடலாம்ங்கறீங்க."

"அது பொய் சார்."

"பொய் யாரு சொன்னா? என்னோட அம்மாவே நம்ம கருவிதான் போட்டிருக்காங்க. அண்ணாநகர்ல. நான் தினம் அஞ்சு தடவை பக்கத்தைத் திறந்து பாக்கறேன். அதுல அன்பு இல்லையா? அந்த அன்பைத்தானே காதுல சொல்றோம்?" அவர் உண்மையாகவே கேட்டார். "அடுத்த காலாண்டுல பேசுவோம், ஜெசிந்தா. இப்ப மூணு மாநிலத்துல ஆரம்பிக்கப்போறோம்."

ஜெசிந்தா இடத்துக்குத் திரும்பினாள். பொறுப்பாளர் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று அவளே எழுதியிருந்தாள். வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வருகையையும் பார்வையையும் பிரித்தாள். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. அதன் பிறகு மூன்று மணி நேரம் அவளால் எதையும் செய்ய முடியவில்லை. பிரித்துவிட்டால் இந்துமதியின் பெயர் காதில் வந்துவிடுமா என்றால், வராது. வீட்டார் நடமாட்டம் சேராது. அந்த விதியையும் மாற்றினால் நூற்று நாற்பது தொல்லை மறுபடி ஆரம்பமாகும். ஒரு பொய்யையாவது எடுப்போம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆறு மணி அடித்தது. பதினோராயிரம் காதுகளில் எட்டாயிரத்து நானூறு காதுகள் ஒரே வாக்கியத்தைக் கேட்டன. 'இன்று யாரும் வரவில்லை.'

ஆறு ஐந்துக்கு நிறுவனத்தின் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கின. கருவி அணிந்த ஒருவரும் அழைக்கவில்லை. அழைத்தவர்கள் எல்லாம் பக்கத்தில் அதே வாக்கியத்தைப் பார்த்த பிள்ளைகள். துபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, பெங்களூரிலிருந்து. "காலைல எழுந்ததும் லாகின் பண்ணினேனே, எப்படி வரலைன்னு சொல்லலாம்?" என்று கேட்டார்கள். வேளச்சேரியிலிருந்து ஒருவர் மிகவும் கோபப்பட்டார். அவருடைய அப்பா இருந்தது பக்கத்திலேயே, கிண்டியில்.

ஏழரை மணிக்குக் கோகுல்நாத் ஜெசிந்தாவை அழைத்தார். அவர் திட்டுவார் என்று அவள் தயாராக இருந்தாள்.

"எங்கம்மா அழுதாங்க, ஜெசிந்தா," என்றார். பிறகு, "பழையபடி மாத்தச் சொல்லிட்டேன். நாளைலேர்ந்து அந்தப் பட்டியலைத் தீபலட்சுமி பாத்துக்குவாங்க," என்று போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் பதினோரு மணிக்குத்தான் அலுவலகம் வந்தார். எங்கே போய்விட்டு வருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. சட்டையில் சாம்பார் சிந்தியிருந்தது. ஆனால் பழையபடி மாற்றியது மாற்றியதுதான். அன்று மாலை எட்டாயிரத்து நானூறு பேருக்கும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை இந்துமதியிடமிருந்து போன் வந்தது. ஜெசிந்தா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் இந்துமதி, "வியாழக்கிழமை என்ன பண்ணீங்க?" என்றாள். "அதை மறுபடி பண்ண முடியுமா?"

"என்னாச்சு?"

"ஆறு மணிக்குக் காதுல கை வெச்சாரு. கேட்டாரு. மூஞ்சி சுருங்கிடுச்சு. யாரும் வரலையாம்னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அப்புறம் என்னையே ரொம்ப நேரம் பாத்தாரு. 'யாரும் வரலைன்னா, நீ எங்கேர்ந்து வந்தே?'ன்னாரு. நான் எங்கேர்ந்தும் வரலப்பா, இங்கயேதான் இருக்கேன்னேன். 'இங்கயேவா? எப்பவுமேவா?'ன்னாரு. ஆமான்னேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "'வராமயே வீட்ல இருக்கறதுன்னா வீட்டுப் பொண்ணுதானே! அப்ப நீ நம்ம இந்து'ன்னாரு மேடம். தூங்கப் போற வரைக்கும் பேர் சொல்லியே கூப்பிட்டாரு. காலைல போயிடுச்சு. நேத்து சாயங்காலம் திரும்பவும் செழியன் மூணு தடவை."

ஜெசிந்தாவுக்கு இப்போது பட்டியலைத் தொட அதிகாரம் இல்லை. ஆனால் பக்கம் எப்படி வேலை செய்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

"உங்க பக்கத்துல 'உறவினர்'னு ஓர் இடம் இருக்கும். அண்ணன் பேருக்கு நேரா ஒரு பெருக்கல் குறி. கூட இருந்து பாத்துக்கறவங்க நீங்க. நீங்க அழுத்தினா வேலை செய்யும்."

"அழுத்தினா?"

"அவரால திறந்து பாக்க முடியாது. பாக்கலேன்னா காதுல சொல்லாது."

எதிர்முனையில் குக்கர் விசில் கேட்டது. "அண்ணனை அழிக்கச் சொல்றீங்க," என்றாள் இந்துமதி.

"சொல்லல. அந்த இடம் எங்க இருக்குன்னு மட்டும் சொன்னேன்."

அன்று மாலையிலிருந்து பெரம்பூர் வீட்டில் தினமும் ஆறு மணிக்கு யாரும் வராமல் போனார்கள். தினமும் சிவப்பிரகாசம் முகம் வாடினார், திரும்பிப் பார்த்தார், கேள்வி கேட்டார், மகளைக் கண்டுபிடித்தார். ஆறேகாலிலிருந்து ஒன்பது மணி வரை இந்துமதிக்கு ஓர் அப்பா இருந்தார். அவருடைய மகிழ்ச்சி எண் தொண்ணூற்று இரண்டிலிருந்து எழுபதுக்கு இறங்கியதாகப் பக்கம் காட்டியது. அதைப் பார்க்க இந்துமதி மட்டும்தான் இருந்தாள். அவளும் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

டொரண்டோவில் செழியனுக்குத் தூக்கம் போயிற்று. முதல் நாள் கோளாறு என்று நினைத்தான். இரண்டாம் நாள் நிறுவனத்துக்கு எழுதினான். வீட்டாரைக் கேட்கவும் என்று பதில் வந்தது. தங்கையைக் கேட்டான். "அப்பாவைப் பாக்கணும்னா வா," என்று அவள் ஒரே வரியில் முடித்துக்கொண்டாள். அப்பா சாப்பிட்டாரா தூங்கினாரா என்று தெரியாமல் ஒன்பது நாள் தாக்குப்பிடித்தான். பத்தாவது நாள் விமானம் ஏறினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்துமதி சாப்பிட வரும்படி ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். போனபோது செழியன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். நரைத்த தாடி, நல்ல மனிதனுக்குரிய களைப்பான கண்கள். வந்து பதினோரு நாளாகியிருந்தது. வந்த அன்றே தங்கை அவன் பெயரைத் திரும்பவும் சேர்த்துவிட்டிருந்தாள்.

"அந்தப் பெருக்கல் குறியைக் காட்டினது நீங்கதானா?" என்றான் ஜெசிந்தாவிடம். கோபம் பாதி, வேறு ஏதோ பாதி. "காலைல பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி, லஞ்ச்ல, படுக்கப்போறப்ப. ஒரு நாள் விடாம பாத்துக்கிட்டிருந்தேங்க. நான் பாக்காம இருந்ததே இல்ல."

"தெரியும். கணக்கு இருக்கு," என்றாள் ஜெசிந்தா.

"வந்த அன்னிக்கு ஒரு தடவை சொல்லிச்சு, மகன் வந்தார்னு. அதோட சரி. இங்கயே இருக்கேன், சொல்லவே மாட்டேங்குது."

"மூணு நாளுக்கு மேல ஆச்சுன்னா நீங்க வீட்டார்."

"அது யாரு போட்ட விதி?"

"நான்தான்."

இந்துமதி சிரித்துவிட்டாள். சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்ததில் மாலையாகிவிட்டது. ஜெசிந்தா கிளம்புவதற்காக எழுந்தபோது செழியனின் போனில் ஒரு மடல் வந்து விழுந்தது. பத்து நாளாக வருகை இல்லாத பிள்ளைகளுக்கு நிறுவனம் தானாக அனுப்பும் மடல் அது. செழியன் படித்தான், திரும்பவும் படித்தான். போனைத் தங்கையிடம் காட்டினான்.

"என்ன தம்பி, லெட்டரா?" என்று கேட்டார் சிவப்பிரகாசம். ஆறு மணி ஆகும்வரை அவருக்கு இவன் யாரோ ஒரு நல்ல தம்பி. அவள் யாரோ ஒரு நல்ல பெண்.

"கம்பெனிலேர்ந்துங்க," என்றான் செழியன். "அப்பாவைப் பாக்க நான் போயிப் பத்து நாளாச்சாம். அவர் ஏங்கிப்போயிருப்பாராம். ஒரு தடவை வந்து பாருங்கன்னு எழுதியிருக்காங்க."

பெரியவர் அதை யோசித்தார். வெட்டிய நகங்களைக் குனிந்து பார்த்தார். அவன் தோளில் கை வைத்தார்.

"சரியாத்தான எழுதியிருக்காங்க? இங்க எங்களுக்கெல்லாம் இவ்வளவு பண்றீங்க. பெத்தவரு அங்க வாசலைப் பாத்துக்கிட்டிருப்பாரு, பாவம். போயிட்டு வாங்க தம்பி."

செழியன் எழுந்திருக்கவில்லை. இந்துமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஜெசிந்தா கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.